நுங்கு

விண்ணப்பத்தில் 'காரணம்' என்றொரு கட்டம்.
இரண்டு வரிக்கு மேல் இடமில்லை.
மூன்று வாரமாய்ப் பையில் கிடக்கிறது,
முதல் வருடத்தில் நான் மெழுகில் செதுக்கிய
கடைவாய்ப்பல்லோடு உரசி, ஓரம் பிசுக்கேறி.

சீட்டை விட்டால் மீதி வருடங்களின் கட்டணத்தையும்
கட்டிவிட்டுத்தான் அசல் சான்றிதழைத் தொடலாம்
என்கிறார் அலுவலகத்தில் பசவராஜு,
என் பல்லையே பிடுங்கி
டிராயரில் வைத்திருப்பவர் போல.

ஏழுமலை அண்ணனுக்கு ஆறு பல் எடுத்தவள் நான்.
கதிர்வீச்சுக்கு முன்னால் வாயைக் காலிசெய்ய வேண்டும்.
அல்சூரில் ஆட்டோ.
கன்னத்தில் பதினெட்டு வருடம் அடக்கிய புகையிலை.
நாக்கில் பாதி முந்தைய மாதமே போயிருந்தது.
சுத்தமாய் வந்தன ஆறும்.
மேடம் குறிப்பேட்டில் கையெழுத்திட்டார்,
என் கோட்டாவில் ஆறு குறைந்தது.
அவர் எழுந்து என்னைக் கும்பிட்டார்.
அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அவர் கோப்பைக் கொடுக்கப் போனதுதான்.
தாழ்வாரக் கடைசி,
ஆக்சிஜன் உருளைகள் அடுக்கிய அறைக்கு அடுத்தது.
ஒரு கண்ணாடி, ஒரு கிண்ணம் கெட்டித் தயிர், நாகவேணி.
'பேச்சுப் பயிற்சி' என்று பலகை இருந்தாலும்
அங்கே பேச்சு அப்புறம்.
தாடையை நெஞ்சில் பதித்துக் காட்டி
'நுங்கு' என்றாள் அவள் கன்னடத்தில்.
'நுங்கு, நுங்கு.'
அவர் திருதிருவென விழித்தார்.
ஓசூர் சாலையோரம் குலைகுலையாய்க் குவித்து
அரிவாளோடு உட்கார்ந்திருப்பவனை
அவர் தேடுவது எனக்குத் தெரிந்தது.
"விழுங்கச் சொல்றாங்கண்ணே" என்றேன்.

பல் போன வாயில், பாதி நாக்கில்
அப்படியொரு சிரிப்பு.
தயிர் மூக்கிலேறி, இருமி,
மூன்று பேரும் பயந்து,
மறுபடி அரைக் கரண்டி.
தொண்டையில் அந்த முடிச்சு
ஏறியது
நின்றது
இறங்கியது.
என்னுடையதும்.

அதிலிருந்து செவ்வாய், வெள்ளி மதியங்களில்
நான் எங்கே இருக்கிறேன் என்று
ஷெரினுக்கு மட்டும் தெரியும்.
"பல்லு பிடிக்கலையா, படிக்கப் பிடிக்கலையா?"
பல்லை நான் வெறுக்கவில்லை.
கிராம்பு எண்ணெய் வாசனை தலையணை வரை வருகிறது,
அதில்தான் தூங்குகிறேன்.
எதையோ விட்டு ஓடுகிறேனா, எதையோ பார்த்து ஓடுகிறேனா?
தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே ஓட்டம்.

நாகவேணியே வராதே என்கிறாள்.
முதலிலிருந்து நாலு வருடம்,
அப்புறம் வரும் சம்பளத்தைச் சொன்னால்
அவள் வீட்டுக்காரர் இன்னும் சிரிக்கிறாராம்.
அக்கா கல்யாணப் பத்திரிகையில்
என் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போட்டுவிட்டார் அப்பா,
இரண்டு வருடம் முன்கூட்டியே.
ஐந்நூறு பிரதிகள்.
மிச்சமான நாற்பது பீரோ மேல் இருக்கின்றன.

ஏழுமலை அண்ணனுக்குத் தன் பெயர் இன்னும் வரவில்லை.
ஏயுமயை, என்கிறார்.
மகள் பெயர் பாமா. அதற்கு உதடே போதும்.
பகலெல்லாம் காரணமில்லாமல் அவளைக் கூப்பிடுகிறாராம்.

போன வெள்ளி பிளாஸ்டிக் பையில்
மூன்று நுங்கு வாங்கிவந்தார்.
உள்ளே நீர், வெளியே வழுக்கல்,
மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்,
நாகவேணி அவரைத் தொடவிடவில்லை.
எங்களைச் சாப்பிடச் சொல்லிக் கை காட்டினார்.
சாப்பிட்டோம்.
மூன்றாவதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு
அவர் எங்கள் தொண்டைகளையே
பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை கடைசித் தேதி.
கட்டத்தை நிரப்பிவிட்டேன், பென்சிலில்.
பேனாவில் எழுதினால்தான் செல்லும்
என்கிறார் பசவராஜு.