இரண்டு புள்ளி இரண்டு ஓம்

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருக்கும் நேரமெல்லாம்
எங்களுக்கு வேலை நேரம்.
கூட்ஸ் வண்டி கடந்து முடிப்பதற்குள்
தஸ்தகீர் நாலு போல்ட் கழற்றிவிடுவான்.

ஃபார்கோ. ஐம்பத்தெட்டு மாடல்.
மூஞ்சியும் முதுகுத் தொட்டியும் மட்டும்தான் வந்தது,
காசிமேட்டு உப்பு தின்ற மிச்சம்.
தட்டினால் ஒரு பக்கம் தகரம் பேசும்,
மறுபக்கம் பட்டி பேசும்.

அடியில் வைக்க, ஏலத்தில், மாதவரம் யார்டில்
நாலு வயசு டீசல் சேசிஸ்.
இன்சூரன்ஸ்காரன் சாக்பீஸில் போட்ட பெருக்கல் குறி
ரேடியேட்டர் சட்டத்தில் அப்படியே இருந்தது.
யார் ஓட்டினார், எங்கே மோதினார்
என்று நாங்கள் கேட்கவில்லை.
கேட்டால் விலை குறையப் போவதில்லை.

கிளாடிஸ் அம்மா ஐஸ் வியாபாரி.
முன்பணம் எண்ணி வைத்தார், எல்லாம் ஈர நோட்டு.
"பழைய மூஞ்சிதான் ஓணும்.
ஆனா நடு ரோட்ல நின்னுறக் கூடாது.
வண்டி நின்னாலும் ஐஸு நிக்காது பாரு."

அளந்தோம்.
அச்சுக்கு அச்சு ஏழு அங்குலம் இடித்தது.
பின்சக்கரம் மட்காட்டுக்கு வெளியே
ரேஷன் வரிசை தவறியவன்போல் நின்றது.
தஸ்தகீர் இரண்டு நாள் பீடி மட்டும் பிடித்தான்.
மூன்றாம் நாள் தொட்டியை வெட்டினான்,
சேசிஸைத் தொடவில்லை.
"எலும்புல கை வெச்சா நேரா ஓடாதுக்கா."

பிறகு என் முறை. ஒயர்.

சாவி திருப்பியதும் டீசல் பிடித்துக்கொண்டது,
ஆனால் கீங் கீங் என்று விடாத கத்தல்.
ஸ்கேனரை மாட்டினேன்.
இடது கதவு காணவில்லை.
வலது கதவு காணவில்லை.
பெல்ட் காணவில்லை.
ஓட்டுநர் பக்கக் காற்றுப்பை காணவில்லை.

தன் உடம்பைத் தேடுகிறது.
மேலே ஏற்றியிருப்பது யாரென்று அதற்குத் தெரியாது.
ஐம்பத்தெட்டின் கதவு
திறந்தால் கிறீச்சிடும், அவ்வளவுதான்;
அதைக் கொண்டுபோய்ச் சொல்ல ஒயர் கிடையாது.

கதவுக்குப் பொய் சொல்வது சுலபம்.
ஒரு ஒயரை எர்த்தில் சேர்த்தால் மூடிய கதவு.
பெல்ட்டும் அப்படித்தான், மாட்டியாச்சு என்று நம்பும்.
பைக்கு மட்டும் ஒரு ரெசிஸ்டர்,
இரண்டு புள்ளி இரண்டு ஓம்.
ரிச்சி தெருவில் பத்து எடுத்தால் இருபது ரூபாய்.
அரிசியைவிடக் கொஞ்சம் பெரிசு,
மேலே கோடு: சிவப்பு, சிவப்பு, பொன்.
வைத்துவிட்டால் போதும்.
பை மடித்தபடி உள்ளேயே இருக்கிறது,
இன்னும் விரியவில்லை,
எதுவும் எதிலும் மோதவில்லை.

சால்டரிங் ராடு காய்ந்து புகைந்தது.
இருபது வருஷத்தில் எத்தனை மீட்டரைப்
பின்னால் ஓட்டியிருக்கிறேன்.
அன்றைக்குக் கை போகவில்லை.
அந்தப் பை ஒருமுறை விரிந்திருக்கிறது,
யாருடைய முகத்திலோ.
மூக்குக் கண்ணாடி போட்டிருந்தாரோ என்னவோ.

கேட் திறந்தது.
அத்தனை லாரியும் ஒரே நேரத்தில் ஹாரன்.
"இன்னாக்கா, பத்த வெக்கலியா?"
கத்தலை மட்டும் நிறுத்தினேன், ஸ்பீக்கர் ஒயரைத் துண்டித்து.
விளக்கை விட்டுவிட்டேன்.

விடிகாலை மூன்றரைக்கு கிளாடிஸ் அம்மா வந்தார்.
புதுப் பச்சையைத் தடவவில்லை, கண்ணாடியில் முகம் பார்க்கவில்லை.
ஏறி உட்கார்ந்தார்.
"இன்னாது இது, செவப்பா எரியுது?"
வண்டிக்கு ஒன்றுமில்லை என்றேன்.
பை இல்லை என்று சொல்கிறது, அவ்வளவுதான்.

"இல்லதானே?"
"இல்லம்மா."
"அப்ப சரியாத்தான சொல்லுது"
என்று கியர் போட்டார்.

மிச்ச ஒயரைச் சுற்றி வைத்தேன்.
ரெசிஸ்டர் பத்தும் டப்பாவில்.
அடுத்த வாரம் ஒரு டாக்ஸிக்காரன் வந்தான்,
அவனுக்கு ஒன்று வைத்தேன்.