முப்பத்தெட்டாயிரத்து நானூறு

மூன்றாவது தடவையும் எலி கடித்துவிட்டது,
எடைமேடைக்கும் ஆபீசுக்கும் நடுவே
லாரித் தடத்தின் அடியில் ஓடும் கம்பியை.
ஷா ஆலமிலிருந்து வந்த கம்பெனிக்காரன்
நாலாயிரத்து இருநூறு வெள்ளி என்று எழுதிக் கொடுத்துப் போனான்.
மேனேஜர் அந்தத் தாளை நாலாய் மடித்து
ஆடும் மேசைக்காலுக்குக் கீழே வைத்தார்.

அதனால் இந்த இரவு, நான்.
கிள்ளானில் வாங்கிய இரண்டு புளூடூத் பலகை,
ஒன்று பதினெட்டு வெள்ளி,
என் கட்டைவிரல் அகலம்.
கொதிகலன் பழுது. ஈஜோக்கில் ஆலை நின்றால்
தவளைகள் தொடங்கிவிடும்.
புளித்த எண்ணெய் வாடை மட்டும்
ஷிப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போகவில்லை.
வெளியே பரஞ்சோதி, லாரி நிறையச் செம்பனைக் குலை,
சீட்டு இல்லாமல் நகரமாட்டேன் என்று
ஸ்டியரிங்கில் கால் போட்டுப் படுத்திருக்கிறார்.

பொத்தானை அழுத்திக்கொண்டே மின்சாரம் கொடுக்க வேண்டும்.
அழுத்தாவிட்டால் படபடவென்று சிமிட்டி
ஊரையே கூப்பிடும்.
அழுத்தினால் இரண்டு நொடி எரிந்து
இரண்டு நொடி அணையும்:
சொல், கேட்கிறேன்.

ஏ.டி. என்று தட்டினேன்.
ஒன்றுமில்லை.
கம்பியை மாற்றிக் குத்தினேன்,
என் வாய் அதன் காதுக்கு, அதன் வாய் என் காதுக்கு.
இவ்வளவு நேரம் வாயோடு வாய் வைத்துப்
பேசிக்கொண்டிருந்திருக்கிறோம்,
எங்கள் தொழிற்சங்கக் கூட்டம் போல.

ஏ.டி.
அப்போதும் மௌனம்.
வரி முடிந்தது என்று சொல்லும்
கண்ணுக்குத் தெரியாத இரண்டு குறிகளை
நான் அனுப்பவே இல்லை.
முடிக்காத வாக்கியத்துக்கு அது பதில் தராது.
காத்திருக்கும்.

அனுப்பினேன். வந்தது குப்பை,
கேள்விக்குறிகளும் உடைந்த சதுரங்களும்.
வேகம் தப்பு.
"முப்பத்தெட்டாயிரத்து நானூறு!"
வாய்விட்டே சொல்லிவிட்டேன்.
பரஞ்சோதி எழுந்து உட்கார்ந்தார்:
"யாரோட லாரிம்மா அது? என்னுது பதினாறு டன்னுக்கே முனகும்."
எடை இல்லண்ணே, வேகம்.
"வேகமா? அப்ப சம்மன் நிச்சயம்."

ஓகே, என்றது திரை.
இரண்டே எழுத்து.
நான் எழுந்து நின்றுவிட்டேன்.

கடவுச்சொல் ஒன்று இரண்டு மூன்று நான்கு,
தோட்டத்துப் பூட்டுகளைப் போல
எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். மாற்றினேன்.
ஒன்றை எஜமான், மற்றதை அடிமை
என்று வைக்கச் சொல்கிறது காகிதம்.
மண்டோர்கள் பிரம்போடு நடந்த மண்ணில்
அதைத் தட்டக் கை வரவில்லை.
நல்லவேளை, அது கேட்பது
சுழியமும் ஒன்றும்தான்.

ஒன்றின் முகவரியை மற்றதில் கட்டும்போது
கால்புள்ளி வரவேண்டிய இடத்தில்
முக்காற்புள்ளி போட்டேன்.
பிழை, சுழியம்.
கோபம் இல்லை, விளக்கம் இல்லை,
அந்த நொடியே.

எனக்கு ஏழு மாதம் ஆகிறது.
கம்பி முதல் தடவை அறுந்த வாரம்,
மேடையிலிருந்து கத்திய எண்ணை மழையில் கேட்டேன்:
பதினான்காயிரத்து எண்ணூற்று அறுபது.
எழுதியது அறுநூற்று எண்பது.
சாயங்காலமே தெரிந்துவிட்டது.
பேரேட்டை அடைத்திருந்தார்கள்.
நானும் வாயை அடைத்துக்கொண்டேன்.

பதினொன்றரைக்கு இரண்டு விளக்கும்
இரண்டிரண்டாகச் சிமிட்டின.
"ஏத்துங்கண்ணே."
லாரி மேடையேறி, ஆடி, நின்றது.
நடுவே கம்பி இல்லை, எலிக்கு வேலை இல்லை,
மழையில் கத்த ஆள் இல்லை.
திரையில் தானாக வந்து உட்கார்ந்தது
பதினைந்தாயிரத்து இருநூற்று நாற்பது.

முதல் எடைச் சீட்டைக் கொடுக்கும்போது சொன்னேன்
அந்த நூற்றெண்பது கிலோவை.
பரஞ்சோதி விரல் மடக்கினார்.
"என் கூலி அஞ்சு வெள்ளி நாப்பது காசு.
ரெண்டு தே தாரேக் வாங்கிக் குடு, சரியாப்போச்சு.
பழம் அன்னபூரணியோடது.
அதுக்கு என்கிட்ட ஏன் நிக்கிற?"

லாரி குலை கொட்டப் போய்விட்டது.
அன்னபூரணி தூங்கியிருப்பாள்.
கைப்பேசியை எடுத்து
அக்கா, என்று தட்டினேன்.
கால்புள்ளிக்குப் பக்கத்தில் அந்தக் கோடு
எரிந்து, அணைந்து,
எரிந்து.