இருபத்துநான்கு

பங்குனியில் ஆலை சும்மா கிடக்கும்.
கூழ் காய்ச்சும் கொப்பரைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டால்
அடியில் பல்லி குடும்பம் நடத்தும்.
இதை விட்டால் நேரமில்லை என்று
காவேரிப்பட்டணம் ஆலையின் சர்வர் அறையில்
ஒரு பொட்டலம் முறுக்கோடு உட்கார்ந்தேன்.

நூறு சிறு கருவிகள்.
பட்டியலிட ஒன்று, வரிசைப்படுத்த ஒன்று,
வெட்ட ஒன்று, வெட்டியதை எண்ண ஒன்று.
நிறுத்து என்னும்வரை ‘ஆம் ஆம்’ என்றே
சொல்லிக்கொண்டிருக்க ஒன்று
(எங்கள் மேலாளர் முனிரத்தினத்துக்கு அதுதான் பிடித்தது).
நான் பள்ளிக்கூடம் போகும் முன்பே
யாரோ எழுதி முடித்தவை.
இப்போது வேறொரு மொழியில்,
நினைவகத்தில் ஓட்டை விழவிடாத மொழியில்,
முகம் தெரியாத சிலர்
சம்பளம் வாங்காமல்
ஒவ்வொன்றாய் மறுபடி எழுதியிருக்கிறார்கள்.
பெயர் அதே. ஆள் வேறு.

கே.ஆர்.பி. அணையில் மதகுக் கதவை மாற்றியபோது
தண்ணீரை இறக்கிவிட்டு மாற்றினார்கள்.
எனக்கு அந்த வசதி இல்லை.
ஓடுகிற தண்ணீரில்
ஒரு கதவு போய் ஒரு கதவு வர வேண்டும்.

வந்தது.
ஒன்றும் ஆகவில்லை.
ஒன்றும் ஆகாததுதான்
இந்த வேலையில் கிடைக்கும் கைத்தட்டல்.

ஆனியில் லாரிகள் வந்தன.
பெங்களூரா மாங்காய், வண்டி வண்டியாக,
பர்கூர் சாலைவரை வரிசை.
எடைமேடைச் சீட்டு அச்சாகும் இடத்தில்
ஒருவர் நகர மறுத்து நின்றார்.
‘இது என் பேரில்ல.’
வாங்கிப் பார்த்தேன். திம்மராயன்.
‘உங்க பேர் என்ன?’
‘திம்மராயன்.’
‘அதானே இருக்கு?’
மடித்த பழைய சீட்டுகளை எடுத்து விரித்தார்.
பதினொரு வருடம்.
எல்லாவற்றிலும் திம்மராய.
அதைக் காட்டித்தான் வங்கிக் கணக்கு திறந்தாராம்.
புத்தகத்திலும் திம்மராய.
பணம் திரும்பிவிட்டது: பெயர் பொருந்தவில்லை.

அன்றிரவு தோண்டினேன்.
சீட்டில் பெயருக்கு இடம் இருபத்துநான்கு.
பழைய கருவி பைட்டை எண்ணி வெட்டும்.
தமிழில் குறி ஒன்றுக்கு மூன்று பைட்.
எட்டோடு கதவு சாத்திவிடும்;
‘ன்’ வெளியே நிற்கும்.
கெம்பம்மா கெம்பம்ம ஆனதும் இப்படித்தான்.
புதியது எழுத்தை எழுத்தாகவே எண்ணுகிறது.
யார் கையும் வெட்டாமல்
முழுப் பெயரும் சீட்டில் இறங்கியிருக்கிறது.

எழுதியவர்களுக்குத் தெரிவித்தேன்:
பழையது தப்பு. உங்களுடையது சரி.
எங்கோ பகலில் இருந்த ஒருவர்
பத்து நிமிடத்தில் பதில் போட்டார்.
பழையதிலிருந்து எங்கே விலகினாலும்
அது எங்கள் பிழை, அதுதான் விதி.
நன்றி, சரிசெய்துவிடுகிறோம்.

சரிசெய்வது என்றால்
தப்பாக்குவது.
திரையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
கோபம் வரவில்லை. சிரிப்பும் முழுசாக வரவில்லை.
உலகத்தில் எத்தனை எடைமேடைகள்,
எத்தனை கணக்குப் புத்தகங்கள்
அந்த ஓட்டையின் அளவுக்கே
தங்களைச் செதுக்கிக்கொண்டு நிற்கின்றனவோ.

அவர்கள் திருத்தும்வரை பொறுக்க முடியாது,
பழம் அழுகிவிடும்.
வெட்டுவதை மட்டும் பழைய ஆளிடமே கொடுத்தேன்.
தொண்ணூற்றொன்பது புதியவர்களுக்கு நடுவில்
அவர் ஒருவர்,
கண்ணாடி போடாமல், எழுத்து தெரியாமல்,
பைட்டை எண்ணி வெட்டிக்கொண்டிருக்கிறார்.

திம்மராயவுக்குப் பணம் வந்துவிட்டது.
கெம்பம்மவுக்கும்.
வங்கியில் பெயரைத் திருத்த ஒரு படிவம் இருக்கிறது,
சீசன் முடியட்டும் என்றார் அவர்.

ஜபருல்லா பாய்க்கு
இந்தக் கலவரம் எதுவுமே தெரியாது.
எட்டுக் குறி. எண்ணிப் பார்த்தேன், சரியாக எட்டு.
பழையதிலும் புதியதிலும்
முழு ஆளாக வந்து
சரக்கை இறக்கிவிட்டு
டீ குடிக்கப் போய்விட்டார்.