ஆய்வு நாள், மஞ்சக்குப்பம்

பினாயில் வாசம் கேட்டைத் தாண்டி
ரோட்டுக்கே வந்து கூப்பிட்டது.
படுக்கை விரிப்புகளில்
கடைக்காரன் மடித்த மடிப்பு
இன்னும் கலையவில்லை.

படிவத்தில் நாற்பத்திரண்டு கேள்விகள்.
கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர்?
இருக்கிறது,
வேதமாணிக்கத்தின் இடப்பக்கம்.
வாதத்தில் விழுந்ததும்
அந்தக் கைதான்.

புரட்டிப் படுக்கவைக்கும் அட்டையில்
இரண்டு மணிக்கொரு கையெழுத்து.
சாயங்காலம் நாலு மணிக்கும் போட்டாயிற்று.
என் கடிகாரத்தில் பதினொன்றரை.
மேலாளர் எழுந்துபோய்
மின்விசிறியைக் கூட்டி வைத்தார்.

அழைப்பு மணியை அழுத்தினேன்.
சத்தமில்லை.
பெரியவர் லேசாகச் செருமினார்.
அதற்கு வந்தாள் அஞ்சலாட்சி,
விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு,
"ஒண்ணுக்கா ஐயா?"
பணியாளர் பட்டியலில்
அவள் பெயர் இல்லை.

கிளம்புகையில் ஆறாம் கட்டில் அம்மாள்
என் புடவை நுனியைப் பிடித்தாள்:
"நாளைக்கும் வாம்மா.
இன்னைக்கு முட்டை போட்டாங்க."

கெடிலம் பாலத்தில் பஸ் ஊர்ந்தது.
உணவு திருப்தியா?
ஆம், இல்லை,
கட்டம் இரண்டுதான்.
இரண்டையும் விட்டு
ஓரத்தில் பொடியாக எழுதிக்கொண்டேன்:
சொல்லாமல் வரணும்,
ராத்திரி இரண்டு மணிக்கு.

அந்நேரம்
டவுன் பஸ் கிடையாது.