இன்னும் 39 நிமிடங்கள்

பர்கூர் சாலை எடைமேடையில்
பழைய கணினி செத்தது இடி விழுந்தல்ல,
எலியால்.
விசிறியோரம் கூடு கட்டிக் குட்டி போட்டு
மஞ்சள் ஒயரைக் கடித்த அன்று
வெளியே பதினேழு லாரி பெங்களூரா.

திம்மராயப்பா அன்றைக்கே புதிது வாங்கிவிட்டார்.
பதினாறு ஜிபி. ஆறு கோர்.
பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே நீல விளக்கு.
ஓசூர்க் கடைக்காரன் தன் மகன் விளையாட
எடுத்து வைத்திருந்ததாம்.

எடை மென்பொருளோ
எக்ஸ்பியைத் தவிர எவருக்கும் கதவு திறக்காது.
எழுதியவர் சேலத்தில் இருந்தார்.
அந்த எண்ணை அழைத்தால்
இப்போது பால் பூத்.

ஆக, புது உடம்புக்குள்
பழைய உயிரை இறக்க வேண்டும்.
கூடுவிட்டுக் கூடு பாய்தல் என்று நினைத்துக்கொண்டேன்.
"பேய் ஏத்தறீங்களாண்ணா?" என்றான் கிளீனர் பையன்.
இரண்டும் ஒன்றுதான்,
கட்டணம் வேறு.

முதல் முறை நீலத்திரை.
இரண்டாம் முறையும்.
வட்டு இருப்பதே அதற்குத் தெரியவில்லை.
பயாஸுக்குள் போய்
உன் வேகத்தை யாரிடமும் காட்டாதே,
பழைய ஆள் மாதிரிப் பேசு என்று
வட்டுக்குச் சொல்லிவைத்தேன்.
மூன்றாம் முறை
எஃப் எட்டை அழுத்தச் சொன்னது.
அழுத்தினேன்.
யூஎஸ்பி விசைப்பலகை
அதன் காதில் விழவில்லை.

உருண்டை முனை விசைப்பலகை
கிருஷ்ணகிரியில், சையத் பாஷா மலையடிப் பழைய இரும்புக் கடையில்
அறுபது ரூபாய்க்குக் கிடைத்தது.
என்டர் மட்டும் தேய்ந்திருந்தது.
யாரோ பல வருடம்
சரி சரி என்றிருக்கிறார்கள்.

திரும்பி வந்தபோது
லகுமம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்றாள்.
வரிசையில் முதல் லாரி அவளுடையது.
"கம்ப்யூட்டரு புதுசுதான?"
புதுசுதான்.
"அப்புறம் எதுக்கு அத்தப் பழசாக்கற?"
பில் வரணும் அக்கா.
"எடை காட்டற பொட்டி எரியுதே. கையில எழுது."
திம்மராயப்பா
யூஎஸ்பியில் செருகிய ஆள் போல
உட்கார்ந்திருந்தார்.

இன்னும் 39 நிமிடங்கள்
என்றது திரை.
அதன் முப்பத்தொன்பதை எனக்குத் தெரியும்.
எல்லாம் இனி எளிது, எல்லாம் இனி வேகம் என்று
இருபது வருடத்துக்கு முந்தைய வாக்குறுதிகளைக்
காட்டிக்கொண்டே
34இல் நின்றுவிட்டது.
தார்ப்பாயின் ஓரத்திலிருந்து சொட்டிய சாற்றில்
ஈக்கள்.
கிளீனர் பையன் அதில் காலால்
வட்டம் போட்டுக்கொண்டிருந்தான்.

நாலே முக்காலுக்கு
பச்சைப் புல்மேடு, நீல வானம்.
எங்கள் பக்கம் அப்படி ஒரு மேடு கிடையாது,
இருந்திருந்தால்
கிரானைட்டுக்கு அறுத்திருப்பார்கள்.

பதினாறில் மூன்றே கால்தான் அதன் கண்ணில் பட்டது.
ஒலி இல்லை. இணையம் இல்லை.
ஆறு அறை வீட்டுக்குக் குடிவந்து
சமையலறையிலேயே பாய் விரிக்கிறவர் போல
நிம்மதியாகச் சுருண்டுகொண்டது.
நீல விளக்கு மட்டும் அணையவில்லை.
அதை அணைக்கும் மென்பொருள்
விண்டோஸ் பதினொன்றில்தான் ஓடும்.

கம்பியைச் செருகி
மேடையில் நானே ஏறி நின்றேன்.
70 என்றது.
நான் அறுபத்தெட்டு.
பத்துப் பத்தாகத்தான் அதற்கு எண்ண வரும்.
பிரிண்டர் கரகரத்துத் துப்பியது:
பில் எண் 1.
சரக்கு என்ற இடத்தில்
தானாகவே விழுந்திருந்தது, பெங்களூரா.

பிறகு லகுமம்மாவின் லாரி.
மொத்தம் 9,480.
காலையில் கந்திகுப்பம் மேடையில் 9,590 என்று
முந்தானை முடிச்சிலிருந்து சீட்டெடுத்துக் காட்டினாள்.
நூற்றுப் பத்துக் கிலோ.
என்னைப் போல் ஒன்றரை ஆள்
காத்திருந்த நேரத்தில்
இறங்கிப் போயிருக்கிறார்கள்.

"எங்க மேடை சொல்றதுதான்" என்றார் திம்மராயப்பா.
இறக்கிவிட்டு வெறும் லாரி மறுபடி ஏறியது.
3,910.
அது மட்டும் இரண்டு சீட்டிலும் ஒன்றாக இருந்தது.
அவள் இரண்டையும் மடித்து
ஒரே முடிச்சில் முடிந்துகொண்டாள்.

என் கூலி எண்ணூறு.
சட்டைப்பையில் இருக்கும் பில்லின்படி
கிலோ ஒன்பது ரூபாய் வீதம்
நான் அறுநூற்று முப்பது.
அவள் என்னைக் கடந்து போனபோது
அதை எடுத்து நீட்டலாமா என்று
ஒரு கணம் கை போனது.
அடுத்த லாரி ஹாரன் அடித்தது.