உள்ளுறை

மாண்ட்ரியலில், வெர்டன் பக்கம்,
கலிக்ஸ்த் தெருவுக்கு இரண்டே இரண்டு பள்ளங்கள்,
முனைக்கு ஒன்று.
நடுவில் தார் அப்படியே கிடக்கிறது.
பிள்ளைகள் சாக்கட்டியில் போட்ட பாண்டிக் கட்டம்கூட
அழியவில்லை.

வீடுகளுக்கு இப்போதைக்குத் தண்ணீர்
நடைபாதையோரம் ஓடும் நீலக் குழாயில்.
ஏழாம் எண்காரர் தினமும் வேன் கதவைத் தட்டி
காப்பிக்கு இந்தச் சூடு பரவாயில்லை,
மீன்தொட்டிக்கு ஆகாது என்கிறார்.

வேனுக்குள் நான், கிஸ்லேன்.
கையில் ஒரு குச்சி, எதிரே ஒரு திரை,
திரையில் நூற்றுப் பத்து வருஷத்து வார்ப்பிரும்பு.
முதல் நாள் பார்த்தபோது
எட்டு அங்குலத்தில் நான்கைத்தான்
தண்ணீருக்கு விட்டிருந்தது துரு.
சுரண்டினோம், கழுவினோம்,
பிசினில் ஊறிய துணிக்குழலை
ஒரு பள்ளத்தில் நுழைத்து மறு பள்ளத்தில் இழுத்தோம்.
வெந்நீரில் இரவெல்லாம் வெந்து இறுகியது.
குழாய்க்குள் குழாய்.

இறுகியதும் எல்லா வீட்டு வாயும் அடைந்துபோகும்.
திறப்பது என் வேலை.
பழைய துளை இருந்த இடத்தில்
உறை லேசாக உள்வாங்கியிருக்கும்,
யாரோ சிரிப்பை அடக்கும் கன்னம்போல.
ரோபோவை அங்கே நிறுத்தி
முனையைத் திருப்பி
ஒரு வட்டம்.
மூன்று. ஒன்பது. பதினாறு.

வரைபடத்தில் இருபத்தாறு வீடுகள்.
திரையில் இருபத்தேழு கன்னங்கள்.

வில்னேர் மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்தான்:
"வீடு இல்லை. எப்போதோ எரிந்திருக்கும்.
ஒரு மேப்பிள் நிற்கிறது."
அப்புறம், தொப்பியைக் கழற்றிக்கொண்டே,
"இந்த ஆகஸ்டில் தெருவிலேயே அது ஒன்றுதான்
இலை கருகாமல்."

அலுவலகத்தைக் கூப்பிட்டேன்.
வீடில்லாத வாயைத் திறக்கக் கூடாதாம்.
சரிதான்.
கசிவை நிறுத்தத்தானே
எங்களுக்குக் கூலி.
எத்தனை வருஷமோ, சொட்டுச் சொட்டாக,
யார் கணக்கிலும் ஏறாமல் குடித்திருக்கிறது.

ரோபோவின் விளக்கு
அந்தக் கன்னத்தின்மேல் கொஞ்ச நேரம் நின்றது.
நான்தான் நிறுத்தியிருந்தேன்.
பிறகு பின்னுக்கு இழுத்தேன்.
படிவத்தில் எழுதினேன்: இருபத்தேழு, திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை நீலக் குழாயைக் கழற்றிப்போவார்கள்.
அதுவரை
மரத்தடியில் போகும் இணைப்பை மட்டும்
வில்னேர் சரியாக முறுக்கவில்லை.
பார்த்தேன்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.