பதில்

முப்பது வருடமாகப் பூசைக்குப் போய்
செபமாலை சொல்லிக்கொண்டிருந்தவள் நான்.
பூசை அங்கே, சாமியாரின் முதுகுக்கு அப்பால்.
நான் இங்கே, நாலாவது பெஞ்சில்,
மூன்றாம் துக்கத் தேவரகசியத்தில்.
மணி அடித்தால் தலை குனிவேன்.
மீதியை லத்தீனும் எலிசியுவும் பார்த்துக்கொள்வார்கள்.

எலிசியு பீடச்சிறுவன், ஒன்பது வயது.
ஊரின் சார்பில் கடவுளுக்குப் பதில் சொல்ல
எங்களிடம் இருந்த ஒரே ஆள்.
அதையும் பாதி மென்று விழுங்கித்தான் சொல்வான்.

அந்தத் தவக்கால ஞாயிறு
பீடத்தை இழுத்து எங்கள் பக்கம் போட்டிருந்தார்கள்.
சாமியார் லெயாந்துருவின் முகத்தைப்
பூசை நேரத்தில் அன்றுதான் பார்த்தேன்.
சவரத்தில் தாடையை வெட்டிக்கொண்டிருந்தார்.
இரண்டு கையும் விரித்து,
நாங்கள் மீனுக்குப் பேரம் பேசும் போர்த்துக்கீசில்
"ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" என்றார்.

யாரும் பேசவில்லை.

எலிசியு வாயைத் திறந்தான்.
சாமியார் அவன் தோளைத் தொட்டார்.
மூடிக்கொண்டான்.

ஓட்டின் மேல் காற்று நடந்தது.
யாரோ ரப்பர் காலணியை நகர்த்தினார்கள்.
இரண்டு வாரம் ஒத்திகை பார்த்த பதில்தான்,
ஆனால் முதலில் யார்?
தன் குரல் தனியாகக் கேட்டுவிடுமோ என்று
ஒவ்வொருவரும் பக்கத்து வாயைப் பார்த்தோம்.
அவர் விரித்த கையை மடக்கவில்லை.

பெல்மீருதான்.
திமிங்கலம் தெரிந்து மலைமேல் வெடி வெடித்தால்
பூசையைப் பாதியில் விட்டு ஓட வசதியாகக்
கதவோரம் நிற்கும் துடுப்புக்காரன்.
"உம்மோடும் இருப்பாராக!"
படகைத் தண்ணீரில் தள்ளும்போது கத்துகிற அதே குரலில்.
சிரித்துவிட்டோம்.
சிரித்த வாய் மூடுமுன் நாங்களும் சொன்னோம்,
முன்னே பின்னே,
புது ஆட்களின் துடுப்புகள் ஒன்றோடொன்று முட்டுவதுபோல.
என் விரலில் எத்தனையாவது மணி என்று மறந்துபோனது.

பிறகு மன்றாட்டு.
"என்ன வேண்டுமோ நீங்களே கேளுங்கள்" என்றார்.
திராட்சைப் பூவில் உப்புக்காற்று படாமலிருக்கக் கேட்டார்கள்.
எண்ணெய் விலைக்காக ஒருவர் கேட்டார், கொஞ்சம் வெட்கத்தோடு.
"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."
மூன்றாவது தடவை
எல்லாக் குரலும் ஒரே இடத்தில் மூச்சு வாங்கின.

அப்போது ஜுல்மீரா எழுந்தாள்.
என் நாத்தனார்.
எங்கள் தோட்டங்களுக்கு நடுவே கருங்கல் சுவர்.
இரண்டு முழம் தள்ளிக் கட்டியது நானா அவளா
என்பதில் பதினோரு வருடம் பேச்சில்லை.
"அமெரிக்காவில், பஞ்சாலையில்,
ஃபவுஸ்தீனுவின் இருமல் நிற்க வேண்டுமென்று..."

என் மகன்.
அவன் இருமுவதே எனக்குத் தெரியாது.
அவளுக்கு எழுதியிருக்கிறான்.

எல்லாரும் பதில் சொன்னார்கள்.
பெல்மீருகூட மெல்லச் சொன்னான்.
என் பிள்ளைக்காக ஊரே கேட்கிறது,
என் பல் மட்டும் கடித்தபடி இருக்கிறது.
எல்லாரும் முடித்த பிறகு,
எது நடந்துவிடக் கூடாதென்று பயந்தேனோ அப்படியே,
தனியாக, கரகரத்து,
"எங்கள் மன்றாட்டை" என்றேன்.
என் மன்றாட்டை என்று சொல்ல
அந்தப் பதிலில் இடமில்லை.
எங்கள் என்றால் அவளும் நானும்.

நற்கருணை வாங்கித் திரும்புகையில் வெடி வெடித்தது.
ஆண்கள் ஓடினார்கள்.
சுவைத்தும் சுவைக்காமலும் பெல்மீரு ஓடினான்,
வாசலில் ஒரு முழங்காலைத் தரையில் தொட்டுவிட்டு.
முடிவில் "இறைவனுக்கு நன்றி" என்றது நாங்கள்தான்,
பெண்களும் கிழவர்களும் எலிசியுவும்.
மெலிசான சத்தம். ஆனால் ஒரே சத்தம்.

வெளியே ஜுல்மீரா முன்னால் போய்க்கொண்டிருந்தாள்,
கறுப்புச் சால்வையைக் காற்று பிடுங்கியது.
எத்தனை நாளாக இருமல்,
இரவிலா பகலிலா, ரத்தம் உண்டா,
கேட்க இவ்வளவு இருந்தது.
பெயரை மட்டும் கூப்பிட்டேன்.
நின்றாள். திரும்பவில்லை.

சாமியார் கையை விரித்து நின்ற நேரம்
எவ்வளவு நீளம் என்று அப்போது தெரிந்தது.